மரத்துக்கு எது சோப்பு?

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் தெருக்களில் நடந்து போனால், வீட்டுக்குள்ளிருந்து 'டக், டக்' என்ற ஓசை வரும். மரம் மரத்தோடு மோதும் ஓசை அது. குழித்தறியின் சட்டங்கள் மரம். பாவுக்கு நடுவே ஓடும் நாடா மரம். நெய்த சேலையைச் சுற்றிக்கொள்ளும் படமரம் பெயரிலேயே மரம். பழைய வீடானால் கூடத்தில் ஓர் ஊஞ்சல் பலகையும், நிலைக்கதவும், தலைக்கு மேலே பலகை பாவிய மச்சும் இருக்கும். கோயிலுக்குப் போனால் தேரும் வாகனங்களும் மரமே. குளிர் நாடுகளில் மரத்தைத் தரையில் பரப்பி அதன் மேல் நடக்கிறார்கள். நாம் மரத்தைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, சிமெண்ட்டிலும் மொசைக்கிலும் நடக்கிறோம். இப்போது நம் நகரங்களிலும் மரத்தரை போட்ட வீடுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. பூப்பந்து ஆடும் உள்ளரங்கத்திலும் பள்ளி நாடக மேடையிலும் மரத்தரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தரையானாலும் ஊஞ்சலானாலும் கேள்வி ஒன்றுதான். இந்த மரத்தை எதைக் கொண்டு சுத்தம் செய்வது? எலுமிச்சம்பழம் என்பார் ஒருவர். காடி என்கிற வினிகர் என்பார் இன்னொருவர். சமையல் சோடா, தேங்காயெண்ணெய், பூந்திக்கொட்டை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் சமையலறைப் பொருள்கள்தானே, எதைத் தேய்த்தால் என்ன என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றில் சில மரத்தைக் காக்கும், சில கெடுக்கும், ஒன்று வீட்டையே எரித்துவிடும். அந்த ஒன்றுக்குக் கடைசியில் வருவோம்.

முதலில் தூசி

மரத்தின் முதல் பகை அழுக்கு அல்ல, மணல். தெருவிலிருந்து காலோடு வரும் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சுக்கு 7 என்ற இடம். கண்ணாடியையே கீறக்கூடிய பொருள் அது. மரமும் அதன் மேல் பூசிய மெருகும் அதற்கு எம்மாத்திரம்? ஈரத்துணியால் நேரே தேய்த்தால், அந்தத் துணி உப்புத்தாள் போல வேலை செய்யும். ஆகவே முதலில் மென்மையான துடைப்பமோ உலர்ந்த பருத்தித் துணியோ போதும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

மரம் என்பது ஒரு கட்டுக் குழாய்கள். உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய குழாய்கள் அவை. தேக்கில் பெரிய குழாயின் ஆரம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நுண்புழை ஏற்றச் சூத்திரம் உங்கள் பாடத்தில் உண்டு. நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்று கொண்டு கணக்குப் போடுங்கள். இந்தக் குழாயில் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் தானாகவே ஏறிவிடும். பலகையின் அறுத்த முனை ஈரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

குழாய்க்குள் நிற்கும் நீர் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. குழாயின் சுவருக்குள் புகும் நீர்தான் மரத்தைப் பருக்க வைக்கிறது. மரத்தின் எடையில் சுமார் 30 விழுக்காடு வரை நீர் சுவருக்குள்ளேயே தங்க முடியும். அதுவரை மரம் பருத்துக்கொண்டே போகும், உலரும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு. வளையங்களுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில், தேக்கு 2.5 விழுக்காடு சுருங்கும். வளையத்தை ஒட்டிய திசையிலோ 5.8 விழுக்காடு. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது ஏற்படும் அளவுகள் இவை.

ஒரு சிறு கணக்கு. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை ஒன்று, அகலம் முழுவதும் வளையத்தை ஒட்டிய திசையில் அறுக்கப்பட்டது. கோடையில் அதன் ஈரம் 10 விழுக்காடு, ஐப்பசி மழையில் 16 என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் 6, 30-ல் 6 என்பது ஐந்தில் ஒரு பங்கு. 5.8-ல் ஐந்தில் ஒரு பங்கு 1.16 விழுக்காடு. ஆகவே பலகை சுமார் 1.7 மில்லிமீட்டர் அகலமாகிவிடும். பத்துப் பலகை சேர்த்துப் போட்ட தரை என்றால் 17 மில்லிமீட்டர்! மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு ஏன் நிலையில் இறுகிக்கொள்கிறது என்பதற்கும் விடை இதுவே. தேக்கே இப்படி என்றால் மற்ற மரங்களைக் கேட்க வேண்டாம்; அசையாமல் இருப்பதில் நல்ல பெயர் எடுத்த மரம் தேக்கு.

பருக்கும் மரத்தின் வலுவும் சாதாரணமானதல்ல. கருங்கல்லில் வரிசையாகக் குழி வெட்டி, உலர்ந்த மர ஆப்புகளை அடித்து, அவற்றின் மேல் நீர் ஊற்றிப் பாறையைப் பிளக்கும் முறை பழங்காலத்தில் இருந்ததென்பார்கள். ஆகவே வாளி நீரைக் கொட்டி மரத்தரையைக் கழுவுவது மொசைக் தரைக்குச் செய்யும் உபசாரத்தை மரத்துக்குச் செய்வதாகும். துணியைச் சொட்டாமல் பிழிந்து, ரேகை ஓடும் திசையிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும்.

பூந்திக்கொட்டையின் வேலை

வெறும் நீர் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது. ஊஞ்சல் பலகையில் தலையெண்ணெயும் வியர்வையும் படிந்த இடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நிற்கும், பரவாது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் விசை, எண்ணெய் அவற்றை இழுக்கும் விசையைவிட அதிகம். இந்தப் பரப்பு இழுவிசையைக் குறைத்தால்தான் நீர் பரவும்.

அந்த வேலையைச் செய்ய நம் ஊரில் ஒரு மரமே இருக்கிறது. பூந்திக்கொட்டை மரத்தின் தாவரவியல் பேரினப் பெயர் சபிண்டஸ். 'இந்தியச் சோப்பு' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து அமைந்த பெயர் அது. கொட்டையைச் சுற்றியுள்ள சதைப்பற்றான தோலில் சபோனின் என்ற பொருள் உள்ளது. சபோனின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள்: சர்க்கரையால் ஆன ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய்தான் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கைச் சுற்றி இவை கூட்டமாக நின்று, ஒரு முனையால் பிசுக்கையும் மறுமுனையால் நீரையும் பிடித்துக்கொள்கின்றன. துணியை எடுத்தால் பிசுக்கும் கூடவே வந்துவிடுகிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு மருந்துச் சொட்டுக்குழாய் போதும். 5 மில்லிலிட்டர் நீரை மெதுவாகச் சொட்டவிட்டு எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். பிறகு அதே குழாயில் பூந்திக்கொட்டைக் கரைசலை எடுத்து எண்ணுங்கள். குழாயின் நுனியில் தொங்கும் சொட்டைத் தாங்குவது பரப்பு இழுவிசைதான். இழுவிசை குறைந்தால் சொட்டு சிறுத்துவிடும், எண்ணிக்கை கூடும். நீருக்கு 60 சொட்டு வந்து, கரைசலுக்கு 100 வந்தால், கரைசலின் இழுவிசை நீருடையதில் 60 விழுக்காடு. சிகைக்காய்க் கரைசலுக்கும் துணிச் சோப்புக் கரைசலுக்கும் இதையே செய்து பாருங்கள். எண்ணும் போது குழாயைச் சாய்க்காதீர்கள், அவ்வளவுதான்.

செய்முறை எளிது. எட்டுப் பத்துக் காய்களைக் கொட்டை நீக்கி ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, மறுநாள் சற்றுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பழுப்பு நிறக் கரைசல் கிடைக்கும். வெளிறிய நிற மரத்தில் இந்தப் பழுப்பு ஏறுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மிஞ்சியதைக் குளத்தில் ஊற்றாதீர்கள். சபோனின் மீன்களின் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும். மீன் மயக்கிப் பிடிக்க இந்தக் காயைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. காஞ்சியைப் போலக் குளங்கள் நிறைந்த ஊரில் இதை மறக்கக் கூடாது.

ஏன் சோப்பு கூடாது?

பிசுக்கு எடுக்கச் சோப்பே போதுமே என்று கேட்பீர்கள். காரணம் மரத்தில் இல்லை, மரத்தின் மேல் பூசிய மெருகில் இருக்கிறது. நம் பழைய மரச்சாமான்களில் பெரும்பாலானவை அரக்கு மெருகு போட்டவை. குசும்பா, புரசு முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதைச் சாராயச் சத்தில் கரைத்துத் துணியால் திரும்பத் திரும்பத் தடவுவார்கள். சாராயம் ஆவியாகிவிடும், அரக்குப் படலம் பளபளவென்று நிற்கும். தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்பது இதைத்தான்.

அரக்கு ஓர் அமிலத் தன்மையுள்ள பிசின். ஆகவே காரத்தில் கரையும். சலவைச் சோடா, வெண்காரம், துணிச் சோப்பு எல்லாம் காரம். மெருகு போட்ட மேசையைச் சோடா நீரால் தேய்த்துவிட்டு, 'எவ்வளவு அழுக்கு வருகிறது பாருங்கள்!' என்று பழுப்பு நீரைக் காட்டி மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். வருவது அழுக்கு மட்டுமல்ல, மெருகும்தான். பூந்திக்கொட்டைக் கரைசலோ மிதமான அமிலத் தன்மை உடையது. அரக்கை அது கரைப்பதில்லை. பட்டுச் சேலையைத் துணிச் சோப்பில் போடாமல் பூந்திக்கொட்டையில் அலசச் சொல்வதும் இதே போன்ற காரணத்தால்தான். பட்டு ஒரு புரதம். காரம் புரதத்தை அரிக்கும். ஒரே தெருவில் தறிக்கும் சேலைக்கும் ஒரே சோப்பு பொருந்துவது எனக்கு அழகாகவே தோன்றுகிறது.

அரக்குக்குச் சாராயமும் ஆகாது. 2020-ல் கொரோனாத் தொற்றின்போது வீட்டுக்கு வீடு கைகழுவும் சானிடைசர் வந்ததல்லவா? அதில் பெரும்பகுதி ஆல்கஹால். மெருகு மேசையில் அது சிந்திய இடங்களில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. உங்கள் வீட்டு மேசையின் மெருகு அரக்கா, புதுவகை வார்னிஷா என்று அறிய இதையே சோதனையாகவும் கொள்ளலாம். அடிப்பக்கத்தில் ஒரு துளி சர்ஜிகல் ஸ்பிரிட் வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அரக்கு.

எலுமிச்சை, காடி, சோடா

எலுமிச்சம் சாற்றின் பி.எச். 2-க்கும் 2.5-க்கும் இடையில். கடையில் விற்கும் காடியில் 4 முதல் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம். இரண்டும் நீரில் உள்ள சுண்ணாம்புப் படிவைக் கரைக்க நல்லவை. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் சக்தி இவற்றுக்கு அதிகமில்லை. பரப்பு இழுவிசையை இவை பெரிதாகக் குறைப்பதில்லை. மரத்தில் நன்றாகக் கலங்கடித்து ஒரு தடவை துடைப்பதால் பெரிய கேடில்லை. ஆனால் அந்தத் துணியோடு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். மொசைக் தரையில் இருப்பது சலவைக்கல் துண்டுகள், அதாவது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்து மெருகு போய்விடும். சிவப்புச் சிமெண்ட் தரைக்கும் அதே கதிதான்.

காடியையும் சமையல் சோடாவையும் கலந்து தேய்க்கச் சொல்லும் குறிப்பு மிகவும் பிரபலம். பொங்கிவரும் நுரை பார்க்க ஜோராக இருக்கிறது. வேதியியல் என்ன சொல்கிறது? அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கரியமில வாயு போய்விடுகிறது. மிஞ்சுவது நீரும் சோடியம் அசெட்டேட் என்ற உப்பும். சரியான அளவில் கலந்தீர்களானால் நீங்கள் உப்பு நீரால் துடைக்கிறீர்கள், வேறொன்றுமில்லை.

இதில் ஆபத்தில்லை. ஆனால் பிளீச்சிங் பவுடர் தெளித்த இடத்தில் காடியோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைக் கருக்கும் விஷம். இந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வீட்டில் தரை துடைப்பவரிடமும் சொல்லி வையுங்கள். வாயுவை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.

எலுமிச்சை உண்மையாகவே உதவும் இடம் ஒன்றுண்டு. ஈரமான இரும்பு வாளியைப் பலகை மேல் வைத்து எடுத்தால் கறுப்பு வளையம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கல்ல, மை! பல மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்போடு சேர்ந்தால் டானின் கறுப்பாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர்கள் எழுதும் மை செய்ததும், சாயமிடுபவர்கள் கறுப்பு ஏற்றியதும் இதே வினையால்தான். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் அந்த இரும்பைக் கவ்விக் கரைத்துக்கொள்ளும். புதிய கறை வெளிறிவிடும். பழைய கறைக்குத் தச்சர்கள் ஆக்சாலிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது விஷம், அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலிக்குப் புளி தேய்ப்பதானால் சங்கிலியைக் கழற்றித் தேய்ப்பதே முறை. புளித்தண்ணீர் இரும்புக் கொக்கியில் வழிந்து பலகையில் சொட்டினால் மறுபடியும் மைதான்.

எண்ணெய்

துடைத்த மரத்துக்கு எண்ணெய் தடவினால் நிறம் எடுப்பாகத் தெரியும். எந்த எண்ணெய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து படலமாக இறுகும். சில என்றைக்கும் இறுகா. மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அது. அயோடின் எண் என்ற அளவு இதைக் காட்டும். தேங்காயெண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டியது. விளக்கெண்ணெய்க்கு 80-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். நான்கையும் நான்கு கண்ணாடித் துண்டுகளில் மெல்லியதாகத் தடவி, இரண்டு வாரம் கழித்துப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் மட்டும் தோலாகிவிட்டிருக்கும். தேங்காயெண்ணெய் முதல் நாள் போலவே இருக்கும். அதில் தூசியும் ஒட்டியிருக்கும். தறியில் படமரத்துக்குப் போய் யாராவது தேங்காயெண்ணெய் தடவினால், அது அங்கே காத்திருந்து, நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்த கோர்வைச் சேலையில் கறையாக இறங்கும்.

அப்படியானால் ஆளிவிதை எண்ணெய்தானே சிறந்தது? மரத்துக்குச் சிறந்தது. ஆனால் துடைத்த துணியை என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி. எண்ணெய் இறுகுவது ஆக்சிஜனேற்றம். அதில் வெப்பம் வெளிப்படுகிறது. பலகையில் மெல்லிய படலமாக இருக்கும்போது வெப்பம் காற்றில் போய்விடும். நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும்; வேகம் கூடக் கூடச் சூடு ஏறும். தீக்குச்சி இல்லாமலேயே சில மணி நேரத்தில் துணி பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா என்ற கட்டடத்தில் தீப்பிடித்தது. 22-ஆவது மாடியில் மரப்பலகைச் சுவரைப் புதுப்பித்தவர்கள் விட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம் என்று தெரிந்தது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். கட்டடம் மறுபடி பயன்படவே இல்லை, பின்னர் இடித்துவிட்டார்கள். இந்த எண்ணெயைத் தொட்ட துணியைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காய விடுங்கள். சுருட்டி வைக்கவே கூடாது.

நீருக்குள் ஒரு மரம்

தண்ணீர் மரத்துக்குப் பகை என்று இவ்வளவு சொன்னபின், காஞ்சிபுரத்து மாணவர் ஒருவர் எழுந்து, 'அத்தி வரதர்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்த சரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி மரத் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுகிறது. 1979-க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் நடந்தது. மக்கள் பெருங்கூட்டமாக வந்தார்கள். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைகளுக்கு ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். உலர்ந்த மரத்தில் ஈரமில்லை. முழுக்க மூழ்கிய மரத்தின் குழாய்களில் நீர் நிறைந்திருப்பதால் ஆக்சிஜன் மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவே, நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் மரம்தான் பூஞ்சைக்குப் பந்தி. குளத்தில் நட்ட மரக்கம்பம் நீர்மட்டத்தை ஒட்டியே உளுத்துப் போவதைக் கவனியுங்கள்.

சுவீடனில் வாசா என்ற போர்க்கப்பல் 1628-ல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து 1961-ல் அதை மேலே கொண்டுவந்தபோது மரம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அப்படியே உலரவிட்டால் கப்பல் சுருங்கி வெடித்திருக்கும். ஆகவே பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அது மரத்தின் செல்சுவருக்குள் நீர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தெளிப்பு நின்ற ஆண்டு 1979. காஞ்சியில் அத்தி வரதர் எழுந்தருளிய அதே ஆண்டு. கப்பல் இன்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் மழை மிகுந்த கோடையில், நனைந்த உடையோடு திரளாக வந்த பார்வையாளர்களால் அரங்கின் காற்றில் ஈரம் கூடியது. மரத்தின் மேல் அமிலத் தன்மையுள்ள உப்புகள் பூக்கத் தொடங்கின. அதன்பின் அரங்கின் குளிர்சாதனக் கருவிகளை மாற்றி, காற்றின் ஈரத்தை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.